18-க்கும் 60-க்கும் நடுவில்: தென்னாப்பிரிக்காவில் உதவித்தொகை கொடுத்தும் வறுமை போகாதது ஏன்?

கேள்வி இது: "தென்னாப்பிரிக்காவில் தங்கம், பிளாட்டினம், நிலக்கரி எல்லாம் இருக்கிறது. கோடிக்கணக்கான பேருக்கு அரசு மாதாமாதம் பணமும் கொடுக்கிறது. அப்படியும் வேலையின்மையும் ஏற்றத்தாழ்வும் உலகிலேயே மோசம் என்கிறார்கள். சும்மா பணம் கொடுத்து மக்களைச் சோம்பேறியாக்கியதுதான் காரணமா? பக்கத்து நாடுகளிலும் இதே கதைதானா?"

முதல் பாதிக்கு என் பதில்: இல்லை. குழந்தைக்குக் கொடுத்தார்கள், கிழவிக்குக் கொடுத்தார்கள், ஊனமுற்றவருக்குக் கொடுத்தார்கள். உடம்பு நன்றாக இருந்து, வேலை மட்டும் கிடைக்காத முப்பது வயது ஆளுக்கு அந்த நாட்டின் உதவித்தொகைத் திட்டம் 2020 வரைக்கும் எதுவும் கொடுக்கவில்லை. வாங்காத பணம் ஒருவரை எப்படிச் சோம்பேறியாக்கும்?

நான் டர்பனில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கிடங்கில் சில வருடம் கணக்கு வேலை பார்த்தவன். பொருளாதாரப் படிப்பெல்லாம் இல்லை. ஆனால் இந்தப் பணம் எங்கே போய் எப்படித் திரும்பி வருகிறது என்பதைச் சரக்குப் பட்டியலிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் கிடங்கில் மாதத்தின் முக்கியமான தேதி சம்பள நாள் அல்ல, கிராண்ட் நாள், அதாவது அரசு உதவித்தொகை வரும் நாள். மாதத்தின் முதல் வாரத்தில் அடுத்தடுத்த மூன்று நாள்: முதலில் முதியோர் பென்ஷன், மறுநாள் ஊனமுற்றோருக்கு, அதற்கடுத்த நாள் குழந்தைகளுக்கு. அதற்கு முந்தின வாரமே நோங்கோமா, உலுண்டி போன்ற கிராமப்புற ஊர்கள் பக்கம் லாரிகள் கிளம்பிவிடும். சோளமாவு மூட்டை, சமையல் எண்ணெய், சர்க்கரை, அரிசி, பீன்ஸ், துணி சோப்பு. பென்ஷன் நாளில் பெரிய மூட்டை ஓடும். குழந்தைகள் நாளில் சின்னப் பொட்டலம் ஓடும். மாதக் கடைசியில் அந்த ஊர்க் கடைகளில் ஈ ஓட்டுவார்கள்.

கிடங்கில் துப்புரவு வேலை பார்த்த அம்மாவின் ஊர் நோங்கோமாவுக்குப் பக்கம். ஒருமுறை சரக்கு லாரியிலேயே போய் அவர் வீட்டையும் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டில் இருந்தது அவருடைய தாய், கோகோ என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், ஸுலுவில் பாட்டி. பாட்டியிடம் வளரும் இரண்டு பேரப் பிள்ளைகள். அப்புறம் பாட்டியின் கடைசி மகன், முப்பது வயது இருக்கும், பள்ளிப் படிப்பை முடித்தவன், வேலை இல்லை. ஐந்தாவது ஆள் டர்பனில் எங்களோடு. 2024 கடைசிக் கணக்கில் பாட்டிக்கு முதியோர் பென்ஷன் 2,190 ராண்ட். பேரப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 530. மொத்தம் 3,250. அப்போது ஒரு ராண்ட் நம்ம காசில் நாலரை ரூபாய் சொச்சம். அந்த முப்பது வயதுக்காரன் பெயரில் நிரந்தரக் கிராண்ட் ஒன்றும் இல்லை (2020-இல் வந்த தற்காலிகத் தொகையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்). ஆனால் சாப்பாட்டுத் தட்டு அவனுக்கும் உண்டு. ஆக, குழந்தைக்கு என்று வருகிற 530-இல் அவனும் பங்காளி.

அந்த 530 எவ்வளவு பெறும் என்பதற்கு அரசே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. ஒரு ஆள் ஒரு மாதம் உயிர்வாழத் தேவையான சாப்பாட்டுக்கு மட்டும் ஆகும் தொகை, உணவு வறுமைக்கோடு என்று புள்ளியியல் துறை வருடாவருடம் வெளியிடும். 2024-இல் அது 796 ராண்ட். குழந்தைக்குக் கொடுப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு. அதுவும் முழுசாகக் குழந்தை வயிற்றுக்குப் போனால். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்றுக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

நாடு முழுக்கப் பார்த்தால் 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 6 கோடியே 20 லட்சம். சுமார் 1 கோடியே 90 லட்சம் கிராண்டுகள் மாதாமாதம் போகின்றன. அதில் சுமார் 1 கோடியே 30 லட்சம் குழந்தைகளுக்கானது. உலகில் வளரும் நாடுகளில் இவ்வளவு பெரிய திட்டம் அபூர்வம். இதெல்லாம் இல்லாவிட்டால் அங்கே பட்டினி இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு இருந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, அப்படியானால் நடுவில் ஏன் இந்த ஓட்டை? 18 வயதில் நின்று போகிற பணம் மறுபடி 60 வயதில்தான் தொடங்கும். இடையில் 42 வருடம். இது யாரோ மறந்துபோய் விட்டது அல்ல. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

முதியோர் பென்ஷன் அங்கே வந்தது 1928-இல். வெள்ளையருக்கும், கலப்பினத்தவர் என்று அவர்கள் வகைப்படுத்தியவர்களுக்கும் மட்டும். கறுப்பர்களுக்கு இல்லை, இந்தியர்களுக்கும் இல்லை. 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அப்போது நேட்டாலில் கிழடு தட்டிப்போய் இருந்தார்கள். அவர்களுக்கு 1944 வரை ஒன்றும் கிடையாது. கறுப்பர்களுக்கும் அதே 1944-இல்தான் வந்தது, அதுவும் பல மடங்கு குறைந்த தொகையில். எல்லா இனத்தவருக்கும் ஒரே தொகை என்று ஆனது 1993-இல், நிறவெறி ஆட்சி மூட்டை கட்டுகிற கடைசி வருடத்தில்.

அந்த 1928 சட்டத்தில் வேலையில்லாதவனுக்குப் பணம் ஏன் இல்லை? தேவைப்படவில்லை. ஏழை வெள்ளையனுக்கு அரசு ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை போட்டுக் கொடுத்தது. 1924-இல் வந்த அரசு அதற்கு 'நாகரிகத் தொழிலாளர் கொள்கை' என்றே பெயர் வைத்திருந்தது. கறுப்பனுக்கு? அவனுக்குத்தான் கிராமத்தில் நிலமும் மாடும் இருக்கிறதே, குடும்பம் அதில் பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். இந்தச் சாக்கில் தங்கச் சுரங்கங்கள் ஒண்டிக்கட்டைக்குப் போதுமான கூலியை மட்டும் கொடுத்தன. பெண்டாட்டி பிள்ளைகளுக்கான செலவைக் கிராமத்தின் தலையில் கட்டின. ஆனால் அந்தக் கிராம நிலத்தை 1913 சட்டம் ஏற்கெனவே பிடுங்கியிருந்தது. நாட்டு நிலத்தில் சுமார் 7 சதவீதம்தான் கறுப்பர்களுக்கு, 1936-இல் அதை 13 சதவீதமாக்குவதாகச் சொன்னார்கள். பெரும்பான்மை மக்களுக்கு 13 சதவீதம். நோங்கோமா அப்படி ஒதுக்கப்பட்ட துண்டுகளில் ஒன்றில்தான் இருக்கிறது. வீட்டைச் சுற்றி மண் அரித்துப்போய்ப் பள்ளம் பள்ளமாகக் கிடந்ததைப் பார்த்தேன்.

ஆக, திட்டம் இரண்டு நம்பிக்கையின் மேல் நின்றது: வெள்ளையனுக்கு வேலை உண்டு, கறுப்பனுக்கு நிலம் உண்டு. இரண்டாவது ஆரம்பத்திலிருந்தே பொய். அதைச் சமாளிக்கச் சுரங்கக் கூலி இருந்தது. 1980களின் நடுவில் தங்கச் சுரங்கங்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். இன்று 1 லட்சத்துக்கும் கீழே. தங்கம் ஆழத்துக்குப் போய்விட்டது, தோண்டும் செலவு ஏறிவிட்டது. பண்ணைகளும் இயந்திரத்துக்கு மாறி ஆட்களைக் கழித்தன. வேலை போனது இப்படி. பென்ஷன் சமமாக்கப்பட்டதற்கும், குழந்தைகளுக்கு உதவித்தொகை வந்ததற்கும் முன்பே இந்தச் சரிவு தொடங்கிவிட்டது. காலவரிசையை மட்டும் ஒழுங்காக வைத்துப் பார்த்தாலே 'இலவசத்தால் வேலை போயிற்று' என்ற வாதம் நிற்காது.

குழந்தை உதவித்தொகை வந்தது 1998 ஏப்ரலில். அதற்கு முன் 'பராமரிப்புத் தொகை' என்று ஒன்று இருந்தது. துணையில்லாத தாய்க்கு மாதம் 430 ராண்ட் வரையும் பிள்ளைக்கு 135 வரையும். நல்ல தொகைதான், ஆனால் நடைமுறையில் கறுப்பினத் தாய்மார்களுக்கு அது கிட்டத்தட்டப் போய்ச் சேரவே இல்லை. எல்லோருக்கும் அதே அளவு கொடுக்கக் கஜானாவில் பணமில்லை என்று ஃபிரான்சி லண்ட் தலைமையில் போட்ட குழு ஒரு வழி சொன்னது: தாய்க்கான பங்கை எடுத்துவிட்டு, குழந்தைக்கு மட்டும் சின்னத் தொகையாக, எல்லா இனத்துக்கும். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மாதம் 100 ராண்டில் தொடங்கியது. வருடங்கள் போகப்போக வயது வரம்பு 18 வரை ஏறியது. பழைய தொகையை மூன்று வருடத்தில் படிப்படியாக நிறுத்தினார்கள். அதில் அடிபட்டவர்களில் டர்பன் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதித் தமிழ், தெலுங்கு, இந்திக் குடும்பங்களின் தாய்மார்களும் உண்டு. சாட்ஸ்வொர்த்தில் நான் குடியிருந்த தெருவில் ஒரு ஆயா இருந்தார். அவருக்கு அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை, "எங்ககிட்ட எடுத்து அவங்களுக்குக் குடுத்தாங்க" என்பார். கணக்குப்படி அவர் சொல்வது பொய்யில்லை. நியாயப்படி அந்த முடிவும் தப்பில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதுதான் அந்த நாட்டு அரசியலின் தலைவலி.

இந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டியது, வேலையில்லாத தாய் ஒரு ஆளாகவே கணக்கிலிருந்து காணாமல் போனாள். அவள் குழந்தையின் பணத்தை வாங்கிக் கொடுக்கும் கை மட்டும்.

சோம்பேறி வாதத்துக்கு ஆய்வு ஆதாரம் உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். 2003-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, பென்ஷன் வாங்கும் முதியவர் இருக்கும் வீட்டில் வாழும் நடுவயது ஆண்கள் குறைவாக உழைக்கிறார்கள் என்று காட்டியது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஆனால் அதில் ஒரு விடுபடல் இருந்தது. வீட்டில் இருப்பவர்களை மட்டுமே எண்ணியிருந்தார்கள். வேலை தேடி வெளியூர் போனவர்கள் கணக்கில் இல்லை. டர்பன் இருக்கும் குவாஸுலு-நேட்டால் மாகாணத்தின் வட பகுதியில் ஒரே குடும்பங்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த இன்னொரு குழு 2009-இல் வேறு முடிவுக்கு வந்தது: வீட்டில் ஒருவருக்குப் பென்ஷன் தொடங்கியதும், அந்த வீட்டு இளவட்டங்கள் வேலைக்காக நகரத்துக்குப் போவது கூடுகிறது. பஸ் செலவுக்கும் முதல் மாத வாடகைக்கும் கையில் காசு கிடைக்கிறது, விட்டுப்போகும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டிக்கும் தெம்பு வருகிறது. எங்கள் கிடங்கு அம்மாவுக்கு இந்த ஆய்வைப் பற்றித் தெரியாது. ஆனால் அவர் டர்பனுக்கு வந்தது பாட்டிக்கு 60 ஆன வருடம்தான். நான் கேட்டபோது அதில் என்ன அதிசயம் என்பதுபோல் பார்த்தார்.

பாட்டி கையில் பணம் போவதற்கும் தாத்தா கையில் போவதற்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். பின்னாளில் நோபல் வாங்கிய எஸ்தர் டுஃப்லோ 1990களின் தென்னாப்பிரிக்கத் தரவுகளை வைத்து, பாட்டி பென்ஷன் வாங்கும் வீடுகளில் பேத்திகளின் எடையும் வளர்த்தியும் தேறியதைக் காட்டினார். தாத்தா வாங்கும் வீடுகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. இதற்கு நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

"பணத்துக்காகப் பிள்ளை பெறுகிறார்கள்" என்ற பேச்சும் டாக்ஸியில் ஏறினால் காதில் விழும். கறுப்பர்களே சொல்வார்கள். பதின்ம வயதுப் பிரசவ விகிதம் 1998-க்குப் பிறகு இந்தத் தொகையால் கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கே எட்டாத 530 ராண்டை நம்பி யாராவது பிள்ளை பெற்றால், அவருக்குப் பேராசை என்று சொல்ல மாட்டேன், கணக்கு வராது என்றுதான் சொல்வேன்.

ஏமாற்று இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் பெரிய ஏமாற்று வாங்கும் பக்கத்தில் இல்லை, கொடுக்கும் வழியில் இருக்கிறது. 2012-இல் நாடு முழுக்கக் கிராண்ட் பட்டுவாடா செய்யும் ஒப்பந்தம் 'நெட்1' என்ற குழுமத்தின் துணை நிறுவனம் ஒன்றுக்குப் போனது. கைரேகை பதிந்து, அட்டை கொடுத்து, பணம் வரும் கணக்கையும் திறந்தார்கள். அதே குழுமத்தின் மற்ற நிறுவனங்கள் அந்த மக்களிடமே கடன், காப்பீடு, செல்பேசி ரீசார்ஜ், முன்கட்டண மின்சாரம் எல்லாம் விற்றன. தவணை எங்கிருந்து? கிராண்ட் கணக்கில் விழுந்த நிமிஷமே, பாட்டி கையில் எடுப்பதற்கு முன்னால் பிடித்துவிடுவார்கள். நான் கேட்கவே இல்லையே, எதற்குப் பிடித்தீர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் புகார் சொன்னார்கள். 'பிளாக் சாஷ்' என்ற பெண்கள் அமைப்பு "எங்கள் கிராண்டில் கை வைக்காதே" என்று இயக்கமே நடத்தியது. அந்த ஒப்பந்தத்தைக் கொடுத்தது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தும், மாற்று ஏற்பாடு செய்யாமல் அமைச்சகம் காலம் கடத்தியது. 2017 மார்ச்சில், அடுத்த மாதம் 1 கோடியே 70 லட்சம் கிராண்டுகள் போகுமா போகாதா என்றே தெரியாத நிலை. வேறு வழியில்லாமல் அதே நிறுவனமே இன்னும் ஒரு வருடம் கொடுக்கட்டும் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. பிறகு அஞ்சல் துறைக்கு மாற்றினார்கள். அதில் கிராமத்துக்கே பண வண்டி வந்து கொடுக்கும் இடங்கள் பல மூடப்பட்டன.

அது பெரிய நிறுவனத்தின் கதை. சின்ன அளவில் இதையே செய்பவர் மஷோனிசா, அதாவது ஊர்க் கந்துவட்டிக்காரர். நோங்கோமாவில் பணம் எடுக்கும் இயந்திரத்துக்கு எதிரில், மரத்தடியில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்த வங்கி அட்டைகள், ஒவ்வொன்றிலும் ரகசிய எண் எழுதி ஒட்டிய துண்டுச் சீட்டு. கடன் வாங்கியவர்களின் அட்டை அவரிடம் அடமானம். கிராண்ட் நாளில் அவரே எடுத்து, தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு முப்பது, சில இடத்தில் ஐம்பது. என்ன அநியாயம் என்றேன். உடன் வந்த லாரி ஓட்டுநர், "அவர் இல்லாட்டி இருபதாம் தேதிக்கு மேல யார் கொடுப்பாங்க?" என்று கேட்டார்.

அவருக்குப் பக்கத்திலேயே சிலர் போர்வையும் கோழிக்குஞ்சும் விற்றுக்கொண்டிருந்தார்கள். இறுதிச்சடங்குச் சங்கத்துக்குச் சந்தா வாங்க ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். சந்தா கட்டாத வீடு அங்கே கிட்டத்தட்ட இல்லை. சாவு வந்தால் மாடு வெட்டி ஊருக்கே சோறு போட வேண்டும், அதைக் குறைக்க முடியாது. ஏலச்சீட்டு மாதிரி 'ஸ்டாக்வெல்' என்ற சேமிப்புக் குழுக்களும் உண்டு. நம்ம ஊர்ச் சீட்டுக் கம்பெனியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஒரே வித்தியாசம், பல குழுக்கள் டிசம்பரில் பணமாகப் பிரிக்காமல் மொத்தமாக மளிகை வாங்கிப் பிரித்துக்கொள்ளும். எங்கள் கிடங்குக்கு அதுதான் தீபாவளி.

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில், அந்த நடுவயது ஓட்டையில் முதன்முதலாக ஒரு தொகை விழுந்தது. வருமானமே இல்லாத பெரியவர்களுக்கு மாதம் 350 ராண்ட். ஆறு மாதத்துக்கு என்று சொன்னார்கள், இன்றுவரை நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். 2024 ஏப்ரலில் 370 ஆக்கினார்கள். வாங்குபவர்கள் 80, 90 லட்சம் பேர். உணவுக் கோட்டில் பாதிகூட இல்லாத தொகைதான். ஆனாலும் "உனக்கும் ஒரு வரி இருக்கிறது" என்று பட்டியலில் ஏற்றியது அதுவரை நடக்காத காரியம்.

அதையும் எளிதாகக் கொடுத்துவிடவில்லை. விண்ணப்பம் இணையம் வழியாக மட்டும். மாத வருமானம் 624 ராண்டைத் தாண்டக் கூடாது. வருமானம் என்றால் என்ன? கணக்கில் வந்து விழுகிற எந்தப் பணமும். அக்கா கைமாற்றாக 700 ராண்ட் அனுப்பினால் அது உன் வருமானம். இந்த மாதிரி விதிகள் அரசியலமைப்புக்கு விரோதம் என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

அரசின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, சொல்லாமல் விடுவது சரியில்லை. வசூலாகும் ஒவ்வொரு ராண்டிலும் 22 சென்ட் பழைய கடனின் வட்டிக்கே போகிறது. மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து அரை சதவீதம் ஏற்றலாம் என்று 2025-இல் நிதியமைச்சர் கிளம்பினார். கூட்டணிக்குள்ளேயே சண்டை வந்து ஏப்ரலில் வாபஸ் வாங்கினார்கள். முன்னாள் அதிபர் ஸூமா காலத்துக் கொள்ளையும், மின்வாரியத்தைச் சீரழித்து ஊரையே இருட்டில் வைத்ததும் இல்லாதிருந்தால் கையில் எவ்வளவோ இருந்திருக்கும். அது தனிப் புராணம், இங்கே வேண்டாம்.

பணம் மட்டும் கொடுத்தால் வேலை வந்துவிடாது என்பதும் உண்மை. அதிகாரபூர்வ வேலையின்மை 32 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. தேடியே அலுத்துப்போனவர்களையும் சேர்த்தால் 40-ஐத் தாண்டும். 24 வயதுக்கு உட்பட்டவர்களில் பத்தில் ஆறு பேர். பள்ளியில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே எண்: 2021 சர்வதேச வாசிப்புத் தேர்வில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் படித்ததைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வாசிக்கவில்லை. அப்புறம் தூரம். நிறவெறி ஆட்சி கறுப்பர் குடியிருப்புகளை வேண்டுமென்றே ஊருக்கு வெளியே தள்ளி வைத்தது. 1994-க்குப் பிறகு வந்த அரசு 30 லட்சத்துக்கும் மேல் இலவச வீடு கட்டிக் கொடுத்தது, பெரிய சாதனை. ஆனால் மலிவான நிலம் எங்கே கிடைக்கும்? ஊருக்கு வெளியேதான். பழைய வரைபடத்தின் மேலேயே புது வீடுகள் எழும்பின. வேலை தேடி ஒரு நாள் நகரத்துக்கு மினிபஸ் டாக்ஸியில் போய்வர ஆகும் செலவில், 370 ராண்ட் சில நாளில் காலி.

சரி, பக்கத்து நாடுகள். லெசோத்தோ தென்னாப்பிரிக்காவுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மலைநாடு. 1980களின் கடைசியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பசோத்தோ (அந்த நாட்டு மக்கள்) ஆண்கள் எல்லை தாண்டித் தங்கச் சுரங்கத்தில் இருந்தார்கள். சுரங்கம் சுருங்கியதும் அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். பலர் நுரையீரலில் சிலிக்காத் தூசியோடு. அந்த நோய்க்கான இழப்பீட்டு வழக்கு 2018-இல்தான் 500 கோடி ராண்டுக்குச் சமரசமானது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். இந்த ஏழை நாடு 2004 நவம்பரில், வெளிநாட்டு உதவியை எதிர்பார்க்காமல், 70 வயதானவர்களுக்கெல்லாம் மாதம் 150 மலோட்டி (அந்த நாட்டுக் காசு) பென்ஷன் தொடங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எய்ட்ஸ் புரட்டிப்போட்ட அந்த நாட்டில் சராசரி ஆயுளே 50களில். 70-ஐத் தொடுவதே சாதனை. தொட்டவர்கள் பலர், பெற்றோரை இழந்த பேரப் பிள்ளைகளை அந்தப் பணத்தில்தான் வளர்த்தார்கள். நடுவயதில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது அமெரிக்காவுக்குத் துணி தைக்கும் தொழிற்சாலை வேலை. பெரும்பாலும் பெண்கள். 2025-இல் அமெரிக்கா முதலில் அறிவித்த 50 சதவீத வரி, பிறகு 15 ஆனாலும், அந்த நூலையும் ஆட்டிவிட்டது.

நமீபியாவில் 1990-இல் சுதந்திரம் வந்தபோது பென்ஷன் இனவாரியாக இருந்தது. வெள்ளையருக்கு மாதம் 382 ராண்ட், கறுப்பின ஓவாம்போ முதியவருக்கு 55. அதைச் சில வருடத்தில் சமமாக்கினார்கள். நடுவயது ஓட்டையை அடைத்துப் பார்த்த ஒரே உண்மையான சோதனையும் அங்கேதான் நடந்தது. தலைநகர் விண்ட்ஹோக்கிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் ஒச்சிவேரோ என்ற குடியிருப்பு. பண்ணைகளிலிருந்து துரத்தப்பட்டவர்கள் தகரக் கொட்டகை போட்டுத் தங்கிய இடம், ஆயிரம் பேருக்குள். 2008 ஜனவரியிலிருந்து இரண்டு வருடம், பென்ஷன் வாங்காத ஒவ்வொருவருக்கும், குழந்தை உட்பட, மாதம் 100 நமீபிய டாலர். எந்தக் கேள்வியும் இல்லை. பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் பிஷப் ஸெஃபானியா கமீட்டா. ஆறே மாதத்தில் எடை குறைந்த குழந்தைகள் 42 சதவீதத்திலிருந்து 17 ஆனதாக அறிக்கை சொன்னது. சிலர் ரொட்டி சுட்டு விற்றார்கள், சிலர் செங்கல் அறுத்தார்கள், சிலர் துணி தைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு கிராமம் வைக்காமல் செய்த ஆய்வு என்று பொருளாதார வல்லுநர்கள் குறை சொன்னார்கள், அது நியாயமான குறைதான். அரசு நாடு முழுக்க விரிவாக்கவில்லை. கமீட்டா 2015-இல் வறுமை ஒழிப்பு அமைச்சராகவே ஆனார். அப்போதும் அவருடைய திட்டம் வரவில்லை.

போட்ஸ்வானாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1967-இல் ஒராப்பாவில் வைரம் கிடைத்தது. வந்த காசைத் திருடாமல் பள்ளிக்கும் சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போட்டார்கள். 1996-இல் 65 வயதுக்கு மேல் எல்லோருக்கும் பென்ஷன். ஆனால் வைரம் தோண்ட அதிக ஆள் வேண்டாம், அதனால் வேலை பெருகவில்லை. நடுவயது ஏழைக்கு 'இபெலெகெங்' என்று குறைந்த கூலிக்குச் சாலையோரம் சுத்தம் செய்யும் முறைவேலை. ஆய்வகத்தில் செய்த வைரம் சந்தையைப் பிடித்ததில் வருமானமும் சரிய, 58 வருடம் ஆண்ட கட்சி 2024-இல் தோற்றது.

மலாவி, சாம்பியா இரண்டும் வேறு ரகம். அங்கே ஏழை என்றால் பெரும்பாலும் வேலை இழந்தவர் அல்ல, மானாவாரிச் சோளம் போடும் சின்ன விவசாயி. 2024-இல் மழை பொய்த்தபோது இரண்டு நாடுகளும் பேரிடர் அறிவித்தன. சாம்பியாவில் 2003-இல் கலோமோ மாவட்டத்தில் தொடங்கிய பண உதவி யாருக்கு என்று பாருங்கள்: மிக ஏழையான பத்து சதவீதத்தில், உழைக்கும் தெம்புள்ள ஆள் இல்லாத அல்லது போதாத வீடுகளுக்கு. மலாவியின் திட்டத்திலும் அதே நிபந்தனை. கிழவியும் அனாதைப் பிள்ளைகளும் இருந்தால் உண்டு. திடகாத்திரமான ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்கு உழுவதற்கு அரை ஏக்கர்கூட இல்லாவிட்டாலும், பெரும்பாலும் வரிசையிலிருந்து இறங்க வேண்டும். நாடு மாறினாலும், பணம் யாருடையதாக இருந்தாலும், ஓட்டை அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கிடங்கு அம்மாவோடு வாட்ஸ்அப்பில் பேச்சு உண்டு. மூத்த பேரனுக்கு 2024-இல் 18 முடிந்தது. அந்த மாதத்தோடு அவன் பெயரில் வந்த 530 நின்றது. அவனுக்கு மெட்ரிக் (அங்கே பள்ளி இறுதி வகுப்பு) முடிக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. பாட்டி போனை வாங்கி, கணக்குத் தெரிந்த ஆளாயிற்றே என்று என்னிடம் கேட்டார், இவனுக்கு மறுபடி எப்போது வரும் என்று. 2066 என்றேன். மறுமுனையில் மகளிடம் ஸுலுவில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அப்புறம் டர்பனில் இப்போது சோளமாவு என்ன விலை என்று விசாரித்தார்.